வல்கனுக்கு அவித்த கோதுமை

எங்கள் பல்கேரிய மலைப்பக்கத்தில் கல்யாணமோ அறுவடையோ, வல்கன் பாட்டு இல்லாமல் நடக்காது. துருக்கி சுல்தானின் படையைக் கணவாயில் மறித்தது, வரி வாங்க வந்தவனைக் கழுதைமேல் பின்பக்கம் பார்த்து உட்கார வைத்து அனுப்பியது, எல்லாம் அதில் வரும். அவன் மனைவி ஸ்டாமெனாவுக்கு அந்தப் பாட்டில் ஒரே ஒரு அடி. அந்த அடிதான் அவள் ஆயுசைத் தின்றது.

எங்கள் ஊர் ஆட்டுப்பட்டியில் சிப்பாய்கள் ஒருவனைச் சுட்டார்கள். முகம் சிதைந்துபோன அந்த உடலைச் சந்தையில் கிடத்தி, அடையாளம் சொல்ல ஸ்டாமெனாவை இழுத்து வந்தார்கள். அது வல்கன் என்றால் ஊரே அவனை ஒளித்து வைத்தது என்றாகும், ஊரைக் கொளுத்திவிடுவேன் என்று அதிகாரி சொல்லியிருந்தான்.

அவள் அந்த உடலின் காலைப் பார்த்தாள். கறுப்பு நூல் தீர்ந்துபோய், குதிகாலில் சிவப்பு நூலால் அவளே தைத்த காலுறை.

“இவரு என் புருஷன் இல்லைங்க” என்றாள். பாவி மகள், அழக்கூட முடியவில்லை. அழுதிருந்தால் ஊர் சாம்பலாகியிருக்கும். உடலைச் சுண்ணாம்புக் குழியில் தள்ளினார்கள். அவள் சொன்ன வார்த்தையை, வல்கன் சாகவில்லை என்பதற்குச் சாட்சியாக, அந்த வாரமே பாட்டில் சேர்த்துவிட்டார்கள்.

செத்தவர் பெயரில் கோதுமை அவித்து, சர்க்கரை தூவிக் கல்லறையில் பங்கிடுவது எங்கள் வழக்கம். வாங்குகிறவர் ஒரு கரண்டி தின்று, “ஆண்டவர் மன்னிக்கட்டும்” என்று சொல்ல வேண்டும். அப்படிச் சொல்ல ஆளில்லாத உயிர் மறு உலகத்தில் பசியோடு நிற்கும்.

துருக்கியர் ஆட்சி போகும்வரை ஸ்டாமெனா வாயைத் திறக்கவில்லை. போன பிறகு, செத்தவர்களை நினைக்கும் ஆத்மாக்களின் சனிக்கிழமையன்று முதல் முறையாகக் கோதுமை அவித்துக் கல்லறைத் தோட்டத்துக்கு எடுத்துப் போனாள். பக்கத்து வீட்டுத் தோனா கை நீட்டினாள்.

“யாருக்குடி இது?”

“வல்கனுக்குக்கா.”

தோனா கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். “வாயக் கழுவு! உசுரோட இருக்கிற மனுசனுக்கா கோதும அவிப்பாங்க?”

“செத்துட்டாருக்கா. அந்தக் காலுறை நான் தச்சது. ஊரக் காப்பாத்தத்தான் இல்லேன்னு சொன்னேன்.”

“ஓகோ, நீதான் எங்களக் காப்பாத்துனியாக்கும்! வேற எவனையோ பாத்து வச்சிருக்க. அதான் புருஷன சாகடிக்கிற.”

அவள் யாரைப் பார்த்தாள், பாவம்! பாதிரியார் ஸ்பாஸிடம் ஓடினாள். அவர் தாடியைத் தடவிக்கொண்டே இருந்தார்.

“செத்தவங்க பேரோட அவரு பேர நான் வாசிச்சா, அப்புறம் ஊர்ல ஒருத்தரும் வரமாட்டாங்க, இந்தக் கோயில்ல ஒரு மெழுகுவத்தி எரியாதும்மா. உன் மனசு எனக்குப் புரியுது. புரிஞ்சு நான் என்ன செய்ய?”

அதன்பிறகு வருஷா வருஷம் அவிப்பாள், நீட்டுவாள், யாரும் வாங்கமாட்டார்கள். அவளே வீட்டுக்குக் கொண்டுவந்து தின்பாள். கொடுத்தவளே தின்றால் போய்ச் சேராது என்று அவளுக்குத் தெரியும். விதவைக்குரிய கறுப்புத் தலைத்துணி கட்டினால் யாராவது வந்து உரிமையோடு அவிழ்த்துவிடுவார்கள். அத்தனை பேரும் அவள்மேல் பிரியமாகத்தான் இருந்தார்கள், அதுதான் கொடுமை.

தலை முழுக்க நரைத்துவிட்ட ஒரு வருஷம், திரும்பும் வழியில் பாலத்தடியில் ஒரு வெளியூர்க்காரன் உட்கார்ந்திருந்தான். பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவன். நல்ல பசி. கிண்ணத்தை நீட்டியதும் வாங்கி அள்ளி அள்ளித் தின்றான். அந்த ‘மன்னிக்கட்டும்’ வருமா என்று ஸ்டாமெனா அவன் வாயையே பார்த்தாள்.

“ருசியா இருக்கு ஆத்தா. யாரு பேருக்கு?”

பொய்ப்பேர் சொல்லலாம். சொன்னால் அந்தப் பொய்ப்பேருக்குத்தான் போய்ச் சேரும்.

“வல்கன்” என்றாள் மெதுவாக.

“எந்த வல்கன்? நம்ம கணவாய் வல்கனா?” அவன் சிரித்துக்கொண்டே கிண்ணத்தைத் திருப்பிக் கொடுத்தான். “அவரு எங்க ஆத்தா செத்தாரு! போன வருஷம் டான்யூப் ஆத்துக்கு அந்தப் பக்கம் ஒரு சந்தையில என் கண்ணால பாத்தேன்.”

அவள் கிண்ணத்தை வாங்கிக்கொண்டாள். மறுத்துப் பேச இத்தனை வருஷம் சொன்ன அதே வார்த்தைகள்தான் இருந்தன.

“சாப்பிட்டாராப்பா?” என்று கேட்டாள். “பாத்தா பசியா இருந்த மாதிரி தெரிஞ்சுதா?”