கேன் தண்ணீர் குடித்த மீன்கள்

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். ஆறு மாதமாக வீட்டில் என் ஏற்பாடு இதுதான்: எங்கள் சமையலுக்கு உப்புக் கரிக்கும் போர் தண்ணீர். என் ஆப்பிரிக்க சிக்லிட் மீன்களுக்கு மட்டும் கேன் தண்ணீர். அபூர்வ இனம், குஞ்சு பொரிக்க வேண்டுமே! கேன் வாங்குவது நான், தொட்டியில் ஊற்றுவது மனைவி.

பத்து நாளாகப் பெண் மீன் இரை தொடவில்லை. வாய் வேறு வீங்கிவிட்டது. இருக்கும் ஒரே பெண் மீன் அதுதான். இன்று காலை பயந்துபோய், வீடியோவோடு மர்பி டவுன் வண்ணமீன் கடைக்கு ஓடினேன்.

கடைக்காரர் சிரித்தார். "நோய் இல்ல சார், இந்த இனம் வாயிலதான் அடைகாக்கும். வாய்க்குள்ள குஞ்சு வெச்சிருக்கு. என்னா தண்ணி ஊத்துறீங்க?"

"சுத்தமான கேன் தண்ணி," என்றேன் பெருமையாக.

"சான்ஸே இல்ல சார். இதுக்கு உப்புத்தண்ணிதான் வேணும். கேன் தண்ணின்னா எப்பவோ போய் சேந்திருக்கும்."

வீட்டுக்கு வந்து மனைவியிடம் விசாரித்தேன்.

"போர் தண்ணில பருப்பே வேகலைங்க. கேனை சாம்பாருக்கு எடுத்துக்கிட்டு, மீனுக்கு போர் தண்ணிதான் ஊத்துறேன். மொத நாள்லருந்தே."

காலில் விழாத குறைதான். மாலையில் தாய் மீன் வாயைத் திறந்தது. பதினோரு குஞ்சுகள்! வேகாத பருப்புக்கும் வேகவைத்தவளுக்கும் நன்றி.

'சுத்தமான தண்ணீரே ரகசியம்' என்று போன மாதம் இங்கே வகுப்பெடுத்தேனே, அதை நம்பியவர்கள் மன்னிக்கவும். பதிவை நீக்கத்தான் மனம் வரவில்லை. நான் எழுதியதிலேயே அதற்குத்தான் லைக் அதிகம்.