கறை படாத கார்

அழுகிய மல்லிகையும் வெற்றிலை எச்சிலும் ஏசிக் குளிரில் ஊறிக் கிடந்த அந்த வாடை இன்றும் என் மூக்கை விட்டுப் போகவில்லை. ரங்கூனின் பபேடான் பகுதியில் ஜவுளிக்கடை வைத்திருந்த ஊ சாமியின் கார் அது; 'ஊ' என்பது பர்மாவில் பெரியவர்கள் பெயருக்கு முன் போடும் மரியாதை. கண்ணாடியில் தொங்கும் பூச்சரம் வாடிக் கறுத்தாலும் கழற்றமாட்டார், வழித்துணைத் தெய்வம் கோபித்துக்கொள்ளுமாம். வாயில் ஓயாமல் "குன்யா" என்கிற வெற்றிலை மடிப்பு. அவர் கடையில் துணி அளந்து கிழித்துக் கொடுத்த என் அப்பா, அந்தக் காரை இரவல் வாங்கக் குழைந்த குழைவைப் பார்த்தபோதே எனக்குப் பாதி வெறுத்துவிட்டது. "வண்டியில ஒரு கறை இருக்கக் கூடாது தம்பி" என்று சொல்லித்தான் ஊ சாமி சாவியைக் கொடுத்தார்.

பயணம் அம்மாவுக்காக. அவள் தங்கை, என் சித்தி, எல்லைக்கு அப்பால் தாய்லாந்தின் மேசோட்டில் ஒரு தையல் ஆலையில் இருந்தாள். காகிதம் எதுவும் இல்லாதவள், ஆலை கேட்டைத் தாண்டினால் போலீஸ் பிடித்துக்கொள்ளும். நாங்கள்தான் எல்லையிலுள்ள மியாவடிப் பாலத்தில் காலையில் ஒருநாள் அனுமதிச் சீட்டு வாங்கிப் போய், சாயங்காலம் பாலம் மூடுமுன் திரும்ப வேண்டும். "இங்க உள்ள ஙாப்பிய வாயில வைக்க முடியலக்கா" என்று அவள் போனில் சொல்லியிருந்ததால், மீனை உப்பில் புளிக்கவைத்து இடித்த "ஙாப்பி"யைப் நாங்கள் குடியிருந்த பசுந்தாங் தெருவே மூக்கைப் பொத்தும்படி வறுத்து, கண்ணாடி ஜாடியில் அடைத்து, வழி முழுக்க மடியிலேயே வைத்திருந்தாள் அம்மா.

பாலம் தாண்டியதும் ரங்கூன்காரர்களுக்கே உரிய தப்பை அப்பா செய்தார். பர்மாவில் வண்டிகள் வலப்பக்கம் போகும், தாய்லாந்தில் இடப்பக்கம். அவர் கை பழகிய பக்கமே போயிற்று. எதிரே லாரி. பிரேக் போட்ட வேகத்தில் ஜாடி உடைந்து, எண்ணெயும் ஙாப்பியும் இருக்கையின் வெள்ளை உறையில் வழிந்தன. அம்மாவின் விரல் கிழிந்து ரத்தம் கொட்டியது. அப்பா முதலில் பார்த்தது உறையைத்தான்.

அதன் பிறகு நடந்ததுதான் அசிங்கம். வண்டி கழுவும் கடை ஒன்றில் நிறுத்தி, சோப்பையும் எலுமிச்சம்பழத்தையும் தேய்த்து, நாய் மாதிரி இருக்கையை மோந்து பார்த்து, மறுபடி தேய்த்துக்கொண்டிருந்தார். சித்தியின் ஆலை அங்கிருந்து அரைமணி ஓட்டம்.

"கேட்டுப் பக்கம்தான் நிக்கிறேன்க்கா" என்று போனில் அவள் சொல்வது எனக்குக் கேட்டது.

"இப்படியே போயிட்டு வந்துருவோங்க" என்று அம்மா கெஞ்சினாள்.

"நேரம் போனா எண்ணெய் உள்ள ஊறிரும். இந்த வாடையோட கொண்டுபோய் விட்டா என் வேலை போயிரும்டி."

"அப்ப சீட்டக் குடுங்க, நான் போறேன்."

"பாஷை தெரியாம எங்க போவ?"

உறை வெளுத்தபோது வெயில் சாய்ந்துவிட்டது. சித்தியைப் பார்க்காமலே பாலத்தைக் கடந்தோம்.

மறுநாள் ரங்கூனில் எங்கள் வாசலுக்கே வந்து காரில் ஏறி உட்கார்ந்த ஊ சாமி, இருக்கையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஜன்னலை இறக்கி, வாயிலிருந்ததைத் துப்பினார். சிவப்புச் சாறு கதவில் வழிந்தது. அப்பா சிரித்துக்கொண்டே ஓடிப்போய்த் தன் தோள் துண்டால் அதைத் துடைத்தார். நான் வீட்டுக்குள் போய் வாந்தி எடுத்தேன்.

இன்று அந்தக் கார் இல்லை. அந்தப் பாலத்தில் எங்களைப் போல் யாரும் இரவல் காரில் போவதுமில்லை. ஆலைக் குடியிருப்பில் காய்ச்சல் கண்டு செத்துப்போன சித்தியின் முகத்தை அம்மா போனில்தான் பார்த்தாள். எங்கள் வீட்டில் ஙாப்பி வறுப்பதே நின்றுபோயிற்று. யாராவது வந்தால் அப்பா மட்டும் இன்னும் பெருமையாகச் சொல்கிறார்: "எல்லை தாண்டிப் போயிட்டு வந்த வண்டி, ஒரு கறை இல்லாம திருப்பிக் கொடுத்தேன்." அவருக்குத் தேநீர் நீட்டும் அம்மாவின் விரலில் ஜாடி கிழித்த அந்தத் தழும்பு இருக்கிறது. அது எப்படி வந்தது என்று ஒருமுறை அவரே அவளைக் கேட்டார்.