ரெண்டு கட்டம் தள்ளிய புள்ளி

எங்கள் மல்லிகைத் தோட்டத்தைக் கருக்கியது நீங்கள். பழியை என் அப்பா மேல் போட்டதும் நீங்கள்தான்.

அப்போது நீங்கள் எங்கள் ஊருக்கு விவசாயம் சொல்லித்தர அரசாங்கம் அனுப்பிய கிராம சேவக். சாணார்பட்டியிலிருந்து சைக்கிளில் வருவீர்கள். நயா பைசா வந்து சில வருடம் ஆகியும் புள்ளிக் கணக்கு என்றால் ஊரில் மிரட்சிதான். அதைப் போக்கியதும் நீங்கள்தான், மறுக்கவில்லை. நூறு சோள விதையை ஈரச் சாக்கில் முடிந்து வைத்து, முளைத்ததை எண்ணச் சொல்வீர்கள். எண்பது முளைத்தால், ஊர் கூடும் மந்தையில் இருந்த சுவரில் கரியால் 0.80 என்று எழுதுவீர்கள்.

"புள்ளியை ரெண்டு கட்டம் வலப்பக்கம் தள்ளு. எண்பது சதவீதம். அம்புட்டுத்தான்."

தாயம் ஆடுகிறவர்களுக்குக் கட்டம் தள்ளுவது சட்டென்று பிடித்துப்போனது. உங்கள் சைக்கிளைக் கண்டாலே, "ஏலே, ரெண்டு கட்டம் வாராருடா" என்று சிரிப்பார்கள்.

அந்த வருடம் மல்லிகையில் மொட்டுப்புழு விழுந்தது. ஊர்த் தோட்டங்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து மருந்து டின்கள் வந்தன. தண்ணீரில் எவ்வளவு கலப்பது என்று டின்மேல் இருந்ததை மந்தையில் நின்று உரக்கப் படித்தீர்கள்: "பூச்சியம் புள்ளி பூச்சியம் அஞ்சு சதவீதம்." பழகின கையால் சுவரில் 0.05 எழுதினீர்கள். புள்ளியை ரெண்டு கட்டம் தள்ளி, ஐந்து சதவீதம் என்றீர்கள். முன்பே சதவீதமாக இருந்ததை மறுபடி சதவீதமாக்கினால் நூறு மடங்கு மருந்து. எனக்கும் அப்போது உறைக்கவில்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளை, நீங்கள் சொன்னால் சரி.

முதல் தெளிப்பு எங்கள் தோட்டத்தில். அப்பா கேட்டார்: "ஐயா, போன வருசம் மூடியில அளந்து ஊத்துனோம். இப்ப டின்னோட கவுக்கச் சொல்றீக?"

"கணக்குத் தெரியாமப் பேசாதய்யா. ஊத்து" என்றீர்கள்.

ஊருக்கே வந்த மருந்து எங்கள் தோட்டத்தோடு தீர்ந்தது. பக்கத்துத் தோட்டக்காரர் வெறும் டின்னைத் தட்டிப் பார்த்துவிட்டு, "ஏ மாப்ள, ஒன் செடிக்கு இம்புட்டுத் தாகமா?" என்றார். அதைக் கேட்டாவது உங்களுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

மறுநாள் இலை சுருண்டது. பிறகு தண்டும் காய்ந்தது. அடுத்து மந்தையில் நடந்த கூட்டத்தில் மேலதிகாரி விசாரித்தபோது, "இவரு அளவு தெரியாமக் கலக்கிட்டாரு" என்று அப்பாவைக் கைகாட்டினீர்கள். அப்பா சுவரைத் திரும்பிப் பார்த்தார். அதிகாரி வருகிறார் என்று அதற்கு வெள்ளையடித்திருந்தார்கள்.

பட்ட செடிகளை வேரோடு பிடுங்கி வரப்பில் போட்டோம். "கத்தரியாச்சும் வைப்போம்" என்றாள் அம்மா. வைத்தோம். ஆனால் அதற்குப் பிறகு ஊரில் ஒருவரும் அப்பா கையில் தெளிப்பானைக் கொடுக்கவில்லை. "வேணாம் மாமா, நீங்க செத்த நேரம் அப்படி உக்காருங்க" என்பார்கள், மரியாதையாக. சாகும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தார். செடியைத் திரும்ப நட்டுக்கொள்ளலாம். இதை என்ன செய்வது?

தப்பு அப்பா மேல் இல்லை என்று ஊரில் சொல்லிச் சொல்லி எனக்கும் அலுத்துவிட்டது. நீங்கள் ஓய்வுபெற்றுத் திண்டுக்கல்லில் இருப்பதாகக் கேள்வி. புள்ளியைத் தள்ளியது கைப்பழக்கம், போகட்டும். பொய் சொன்னது பழக்கமில்லை. பஸ் ஏறி வாருங்கள். அதே மந்தையில், எல்லார் முன்னாலும் நின்று பதில் சொல்லுங்கள்: அளவு தெரியாமல் கலக்கியது யார்?