செய்யாற்று மணலில் இறங்கிய பிக்கப் வேன்

ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவனிடம் எல்லோரும் வண்டியைக் கொண்டுவந்து காட்டுவார்கள். அது போகப்போகிற பாதையை ஒருத்தரும் காட்டமாட்டார்கள். ஸ்பேனர் பிடித்துக் கை காய்த்தவர்கள் யாராவது இதைப் படித்தால், தலையை ஆட்டுவார்கள் என்று தெரியும். எழுபதுகளின் கடைசியில் உத்திரமேரூரில் கீற்றுக் கொட்டகை போட்டு வண்டி வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். எத்தனையோ வண்டிகள் வந்து போயின. எனக்கு மறக்காதது ஒன்றுதான்.

அடிவயிறு

காவாந்தண்டலத்தைத் தாண்டி, செய்யாற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன ஊர். கன்னியப்பன் அந்த ஊர்க்காரர். நெல்லும் வேர்க்கடலையும் பயிர் செய்கிற குடும்பம். மெட்ராஸில் ஏதோ கம்பெனியில் ஓடிய பிக்கப் வேனை வாங்கி, அதை ஓட்டத் தேசிங்கு என்கிற டிரைவரையும் கையோடு அழைத்து வந்தார். வண்டி ஊர் போய்ச் சேரவில்லை. ஏரிக்கரைத் தடத்தில் துருத்திக்கொண்டிருந்த பனை அடிக்கட்டை ஒன்று வயிற்றைக் கிழித்துவிட்டது. ஆயில் சேம்பர் வெடித்துவிட்டதால், மாடு கட்டி இழுத்து, பஸ் ரோட்டு வழியாகச் சுற்றிக்கொண்டு என் கொட்டகைக்கு வந்தார்கள்.

தார் ரோட்டுக்கென்று செய்த வண்டி. தரைக்கும் வயிற்றுக்கும் நடுவில் ஒரு கோழி நுழைந்தால் அதிகம். "சாமான் ஏத்தற வண்டிதானே, பஸ் ரோட்டோட நிறுத்திக்கங்களேன்" என்றேன். அவர் சாமான் ஏற்ற வாங்கவில்லை. முந்தின வருஷம் அவருடைய அண்ணனைக் கடலைக் கொல்லையில் பாம்பு கடித்திருக்கிறது. ஆஸ்பத்திரிக்குச் சுற்றிப் போனால் நேரமாகும் என்று மாட்டு வண்டியில் போட்டு, வறண்டு கிடந்த ஆற்று மணலில் இறக்கியிருக்கிறார்கள். பாதி ஆற்றிலேயே உயிர் போய்விட்டது. அதற்குப் பிறகுதான் கொல்லையில் ஒரு பாகத்தை விற்று இந்த வண்டி.

சேம்பரை ஒட்டவைத்து, அதற்குக் கீழே கனமான இரும்புத் தகட்டை போல்ட் போட்டு மாட்டினேன். கன்னியப்பன் படுத்துக் கையை விட்டுத் தட்டிப் பார்த்தார். எழுந்து மண்ணைக்கூடத் தட்டாமல் சொன்னார்:

"அண்ணன் நட்டாத்துல தண்ணி கேட்டாரு பாய். நான் ஊத்துத் தண்ணிக்கு மணலத் தோண்டிக்கினு இருக்கச்சொல்லவே போயிட்டாரு. இந்த வண்டி அங்க மட்டும் நிக்கக் கூடாது."

ஸ்பிரிங்

அடுத்து வண்டியைத் தூக்க வேண்டும். லாரியில் கழற்றிய பழைய ஸ்பிரிங் பட்டைகளைக் கொல்லுப் பட்டறையில் வெட்டி வளைத்து, பின்பக்கம் கூடுதலாகச் சேர்த்தேன். பின்சக்கரத்துக்கு மேடு பள்ளமாகப் பல் வைத்த பட்டன் டயர். முன்னாலும் பின்னாலும் சங்கிலி மாட்டக் கொக்கி. வண்டி நிமிர்ந்து நின்றதைப் பார்க்க எனக்கே பெருமையாக இருந்தது.

ஆனால் பட்டை கூடினால் வண்டி விறைக்கும். சுமை இல்லாமல் போனால் தூக்கித் தூக்கிப் போடும். அதில் முதன்முதலாகப் படுத்துப் போனது எல்லம்மா, செத்துப்போன அண்ணனின் மனைவி. களத்தில் வழுக்கி விழுந்து முன்கை ஒடிந்திருந்தது. கட்டுப் போட்டுத் திரும்பும்போது என் கொட்டகை வாசலில் நிறுத்தச் சொல்லி, இறங்கி நேரே என்னிடம் வந்தாள். அன்றைக்கே பக்கத்துக்கு ஒரு பட்டையை உருவிவிட்டு, பின்னால் வைக்கோலைக் கனமாகப் பரப்பிக் கொடுத்தேன். அவள் கேட்டதில் நியாயம் இருந்தது.

"கை ஒடஞ்சி ஏறினேன், இடுப்பு ஒடஞ்சி எறங்கறேன். இன்னா வண்டி செஞ்சிகீறே பாய் நீ?"

காற்று

மணலில் ஓட்டுவதற்கு, டயரில் பாதிக் காற்றை இறக்க வேண்டும். இறக்கினால்தான் டயர் பரந்து மணலின் மேலே நிற்கும். நடுவில் நிறுத்தக் கூடாது. புதைந்துவிட்டால் ஆக்சிலேட்டரை மிதிக்கவே கூடாது. தேசிங்கிடம் இதைச் சொல்லி, கரையேறியதும் மறுபடி காற்றடிக்க ஒரு கால்பம்பும் கொடுத்தேன். அவர் மெட்ராஸ் ரோட்டில் வருஷக்கணக்காக ஓட்டியவர். காற்று இறங்கிய டயரில் ஓட்டினால் ட்யூப் கிழியும் என்று பழகிய மனசு, கேட்கவில்லை. பம்பு சீட்டுக்கு அடியில் போனது.

சித்திரை வெயிலில் ஒருநாள், துலுக்காணம் என்பவன் பனை மரத்திலிருந்து விழுந்துவிட்டான். ரத்தம் வெளியே வரவில்லை. வயிறு மட்டும் வீங்கிக்கொண்டே போனதாம். நினைவு இருந்தது. வண்டியில் ஏற்றி ஆற்றில் இறங்கினார்கள். பாதி மணலில் பின்சக்கரம் புதைந்தது. தேசிங்கு பதறிப்போய் மிதிக்க மிதிக்க, அச்சு வரைக்கும் உள்ளே போய்விட்டது. ஊருக்கு ஓடி மாடுகளைக் கொண்டுவருவதற்குள் துலுக்காணம் இறந்துவிட்டான். அவன் அப்பா வெறும் மணலில் உட்கார்ந்து டயரையே பார்த்துக்கொண்டிருந்தாராம். மறுநாள் தேசிங்கு வந்து சாவியை என் மேஜைமேல் வைத்தார். கண்கள் சிவந்திருந்தன. கன்னியப்பனிடம் போய்ச் சொல்லும் தெம்புகூட அவருக்கு இல்லை.

"போவற வரிக்கும் என்னியே பாத்துக்கினு இருந்தான் பாய். ஒரு வார்த்த திட்டியிருந்தான்னா தேவலாம்."

பட்டப்பெயர்

அதற்குப் பிறகு ஊரில் அதற்குப் பொண வண்டி என்று பேர். காய்ச்சலோ பிரசவமோ, நோயாளியோடு மாட்டு வண்டியில் ஏறினார்களே தவிர இதில் ஏறவில்லை. ஆனால் வெளியூர் ஆஸ்பத்திரியில் யாராவது இறந்துவிட்டால், உடலை ஏற்றிக்கொண்டு மணலில் இறங்க எந்த டாக்சிக்காரனும் சம்மதிக்கமாட்டான். அப்போது மட்டும் கன்னியப்பன் வீட்டுக்கு ஆள் வரும். அவரே ஓட்டக் கற்றுக்கொண்டார். காற்றை இறக்கினார், முதலில் நடந்துபோய் ஈரத்தில் இறுகிய தடத்தைப் பார்த்துவைத்தார், பிறகு ஒரே சீராக ஓட்டினார். பின்னால் படுத்திருப்பவருக்கு அவசரமில்லை. அதனால் ஓட்டுகிறவருக்கும் பதற்றமில்லை. கொஞ்ச நாளில் அந்த ஆற்றை அவரைப் போலத் தாண்ட ஆளில்லை என்றானது. பாராட்டலாம் என்று வாயெடுத்தேன்.

"உசுரோட கீறவன் மாட்டு வண்டில போறான், செத்தவன் என் வண்டில வரான். எதுக்கு பாய் நான் கொல்லய வித்தேன்?"

தண்ணீர்

அப்புறம் ஒரு கார்த்திகையில் மழை விடவே இல்லை. அவர்கள் ஊர் ஏரி தளும்பி, கரையில் கசிவு கண்டுவிட்டது. ஆற்றில் வெள்ளம். ஒருநாள் காலையில் கன்னியப்பன் நனைந்துகொண்டே சுற்று வழியில் வண்டியோடு வந்து நின்றார். ஊரை அப்புறப்படுத்த வேண்டும்; குடிசைகளுக்கும் ஏரிக்கரைத் தடத்துக்கும் நடுவில் முழங்கால் தண்ணீர். ஃபேன் சுற்றினால் தண்ணீரை இன்ஜின்மேல் வாரி அடிக்கும் என்று பெல்ட்டைக் கழற்றினேன். மின்சாரம் போகிற இடங்களில் கிரீஸ் பூசி, சைக்கிள் ட்யூப்பால் சுற்றிக் கட்டினேன். புகைக்குழாயில் இன்னொரு குழாயைச் சேர்த்து மேலே தூக்கினேன். நானும் கூடப் போனேன்.

ஜனங்கள் பள்ளிக்கூடத்துப் படியில் நின்றார்கள். வண்டி அவர்கள் முன்னால் உறுமிக்கொண்டு நின்றது. ஒருத்தரும் ஏறவில்லை. எல்லம்மாதான் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முதலில் ஏறினாள். "பொணத்துக்கு எடம் குட்த்த வண்டி உசுருக்குக் குடுக்காதா? ஏறுங்கடீ!" என்று கத்தினாள். பிறகு ஏறினார்கள். கரை மேட்டில் ஏறி, பஸ் ரோட்டில் இறக்கிவிட்டுத் திரும்புவோம். வண்டி ஓரிடத்திலும் நிற்கவில்லை.

துலுக்காணத்தின் அப்பா மட்டும் வரவில்லை. மகன் செத்த வண்டியில் கால் வைக்கமாட்டேன் என்று மாட்டுக் கொட்டகையில் உட்கார்ந்துவிட்டார். என்னை ரோட்டில் இறங்கச் சொல்லிவிட்டு, கன்னியப்பன் அவருக்காக மட்டும் திரும்பிப் போனார். பாதிக் கரையில் பின்சக்கரத்துக்குக் கீழே மண் சரிந்தது. அவர் ஜன்னல் வழியாகக் குதித்து, வேலிகாத்தான் புதரைப் பிடித்துத் தப்பினார். வண்டியும் கரையும் சேர்ந்தே போயின. கிழவரின் உடலைத் தண்ணீர் வடிந்த பிறகுதான் எடுத்தார்கள்.

வண்டியைச் சங்கிலி போட்டு இழுத்தோம். உள்ளே முழுக்கச் சேறு. ஊரே உயிரோடு நின்று வேடிக்கை பார்த்தது. சிலர் கன்னியப்பன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். அவர் முகம் மாறவில்லை.

"அத்தினி பேரும் ஏறினாங்க பாய். ஏறாத அந்த ஒருத்தர் மொகந்தான் கண்ணுல நிக்குது."

இப்போது அங்கே பாலம் வந்துவிட்டது. நான் ஒரு போல்ட்டைக்கூடத் தொடாத வண்டிகள் பாட்டுப் போட்டுக்கொண்டு ஆற்றைத் தாண்டுகின்றன, அதைப் பார்த்து எனக்குச் சந்தோஷத்தோடு கொஞ்சம் பொறாமையும் வருவதை நம் தொழில்காரர்கள் தவிர வேறு யாரும் மன்னிக்கமாட்டார்கள்.