அண்ணன் குரலில்

என் தையல் மெஷின் இருக்கும் சுவருக்கு அந்தப் பக்கம்தான் அந்த அம்மாவும் மகனும் இருக்கும் வீடு. சுவர் என்று பேர்தான். அங்கே ஸ்பூன் விழுந்தால் இங்கே நான் குனிந்து தேடுவேன், அவ்வளவு கனம். ஆகவே ஒட்டுக்கேட்டேன் என்று யாரும் என்னைச் சொல்ல வேண்டாம். காது இருக்கிறது, கேட்டது.

அவன் பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளன். எந்த வண்டி எந்த மேடையில் நிற்கிறது, எது தாமதம், எந்தக் குழந்தை அம்மாவைக் காணாமல் அழுகிறது என்றெல்லாம் கண்ணாடிக் கூண்டுக்குள்ளிருந்து சொல்கிறவன். அங்கே அவனுக்கு ‘மைக்’ என்று பேர். ஊரில் அவன் குரலைக் கேட்காதவர் கிடையாது. அவனோடு நின்று நாலு வார்த்தை பேசுகிறவரும் கிடையாது. கல்யாணத்துக்கு ஒரே ஒரு தடவை பெண் பார்த்தார்கள். ‘அம்மாவை யார் பார்த்துக்கறது?’ என்று பெண் வீட்டார் கேட்டபோது ‘நான்தான்’ என்று சொல்லிவிட்டு வந்தான். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அவன் அம்மாவை நான் பெரியம்மா என்றுதான் கூப்பிடுவேன். இரண்டு கண்ணிலும் பார்வை போய்விட்டது. இடுப்பு உடைந்து சரியாகக் கூடாமல் கட்டிலோடு ஆகிவிட்டாள். வாய்க்கு மட்டும் ஒரு குறையும் இல்லை. பகலில் அவன் வேலைக்குப் போனதும் சாவி என்னிடம் இருக்கும். நடுவில் போய்த் தண்ணீர் கொடுப்பேன், திரும்பப் படுக்க வைப்பேன், அவள் பேச்சை வாங்கிக் கட்டிக்கொண்டு வருவேன்.

அவளுக்கு இரண்டு பிள்ளைகள். பெரியவன் தேவாலயச் சபைப் பாடகர் குழுவில் பாடியவன். அவன் வாயைத் திறந்தால் பெரியம்மாவுக்கு உலகமே மறந்துபோகும். சின்னவன் இவன். அப்பாவை அடக்கம் செய்துவிட்டுக் கல்லறையிலிருந்து திரும்பின அன்றைக்கே அண்ணன் தம்பிக்குள் வாய்த்தகராறு. பெரியவன் பையைத் தூக்கிக்கொண்டு, இனி இந்த வாசப்படி மிதிக்க மாட்டேன் என்று போனவன்தான். சொன்ன சொல்லைக் காப்பாற்றினான், அதில் குறை சொல்ல முடியாது.

பல வருஷம் கழித்து, கட்டிலோடு ஆன பிறகு, பெரியம்மா சாப்பாட்டை நிறுத்திவிட்டாள். தட்டைத் தொட்டுப் பார்ப்பாள், தள்ளிவிடுவாள். ‘பெரியவன் ஒரு வார்த்தை பேசட்டும், அப்புறம் சாப்பிடறேன்’ என்பாள். இவன் அண்ணனைத் தேடிப் போனான், கதவு திறக்கவில்லை. டாக்டர் வந்தார், ஊசி போட்டார், உதட்டைப் பிதுக்கினார். அப்புறம் ஒரு சாயங்காலம் அந்த வீட்டில் போன் அடித்தது. நான்தான் எடுத்துப் பெரியம்மா காதில் வைத்தேன். “அம்மா, நான்தாம்மா. சாப்பிட்டீங்களா?” என்றது பெரியவன் குரல். அன்றைக்குப் பெரியம்மா பாலில் நனைத்த ரொட்டி முழுவதையும் சாப்பிட்டாள்.

அன்றைக்கே கொடியில் கிடந்த துணியை எடுக்க மாடிக்குப் போனபோதுதான் விஷயம் தெரிந்தது. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் சின்னவன் செல்போனைப் பிடித்தபடி சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றான். என்னைப் பார்த்ததும் பேந்தப் பேந்த விழித்தான்.

“அக்கா, அண்ணன் மாதிரி பேசினது நான்னு யார்கிட்டயும் சொல்லிடாதீங்க” என்றான்.

அதிலிருந்து தினமும் தெருவிளக்கு எரிகிற நேரத்தில், “அம்மா, பால் வாங்கிட்டு வரேன்” என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போவான். போன் அடிக்கும். பெரியம்மா முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம் வரும். என் கண்ணு, என் ராஜா என்று கொஞ்சுவாள். கொஞ்சி முடித்ததும் சின்னவனைப் பற்றிப் புகார் ஆரம்பிக்கும். அந்தப் பழைய போனில் பக்கத்தில் நிற்பவருக்கும் இரண்டு பக்கமும் கேட்கும் என்பதால், நான் எல்லாவற்றையும் கேட்டேன்.

“உன் தம்பி போடற டீ இருக்கே, வாயில வைக்க வழங்கல.”

மறுநாள் டீயில் தூள் கூடியிருக்கும்.

“போர்வைய மாத்தறேன்னு வரான். கை ஐஸ் கட்டி மாதிரி. செத்தவன் தொடற மாதிரி இருக்கு.”

மறுநாளிலிருந்து அவன் அம்மாவைத் தொடுவதற்கு முன் அடுப்பிலிருக்கும் வெந்நீர்க் கெண்டியைச் சுற்றி இரண்டு கையையும் வைத்துச் சூடேற்றிக்கொண்டு வருவான். நான் பார்த்திருக்கிறேன். உள்ளங்கை சிவந்திருக்கும். அதற்காக ஒரு நல்ல வார்த்தை வந்ததா? அதுதான் இல்லை. அன்றைக்கும் போனில் வேறு புகார்: அவன் நடந்தால் தரை அதிர்கிறதாம். அடுத்த நாள் அவன் வீட்டுக்குள் வெறுங்காலோடு பூனை மாதிரி நடந்தான்.

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒருநாள் படிக்கட்டில் பிடித்து நிறுத்திக் கேட்டேன்.

“உனக்குச் சூடு சொரணை இருக்காடா? உன்னையே திட்டறதை உக்காந்து கேட்டுட்டு வரியே.”

“திட்டு எனக்கு வருதுக்கா. கொஞ்சறதும் எனக்குத்தான் வருது. பேர்தான் வேற” என்று சிரித்தான்.

“போய் உண்மையைச் சொல்லித் தொலை. எத்தனை நாளைக்கு?”

“சொல்லலாம். சொன்னா, அண்ணன் இத்தனை வருஷம் அவங்களை நெனைக்கவே இல்லைன்னு தெரிஞ்சுபோகும். அதை எப்படிக்கா சொல்றது?”

கையிலிருந்த பால் பாத்திரத்தோடு உள்ளே போய் மெஷினில் உட்கார்ந்தேன்.

ஆனால் இந்தப் பொய்க்கு அவன் ஒரு விலை கொடுத்துக்கொண்டுதான் இருந்தான். ஞாயிற்றுக்கிழமை சபையில் வேதப்பாடம் வாசிக்கிறவன் அவன்தான். குரலுக்காக வைத்திருந்தார்கள். வாசித்து முடித்ததும் நேரே கடைசிப் பெஞ்சுக்குப் போய்விடுவான். அப்பமும் திராட்சரசமும் வாங்கும் திருவிருந்துக்கு எல்லாரும் எழுந்து வரிசையாகப் போகும்போது அவன் ஒருத்தன் மட்டும் உட்கார்ந்தே இருப்பான். சபையில் சும்மா இருப்பார்களா? வாசிக்கிற வாய், வாங்காத கை, என்ன பாவமோ என்று குசுகுசுத்தார்கள். கேட்காத மாதிரி உட்கார்ந்திருப்பான். ஆனால் அப்பமும் பாத்திரமும் முன்னால் போகப் போக, அவன் கண் அதன் கூடவே போகும். பசித்தவன் பார்வை அது.

“மன்னிப்புக் கேட்டுட்டுப் போய் வாங்கறதுதானே?” என்று நான் கேட்டேன்.

“நாளைக்கும் பொய் சொல்லப் போறேன்னு வச்சுக்கிட்டு இன்னைக்கு எப்படிக்கா மன்னிப்புக் கேக்கறது? ஆண்டவரை ஏமாத்த முடியாது. அம்மாவை ஏமாத்தறதே போதும்” என்றான்.

நிபந்தனையற்ற அன்பு என்று பிரசங்கத்தில் எத்தனையோ தடவை கேட்டுத் தலையாட்டியிருக்கிறேன். கேட்க நன்றாகத்தான் இருக்கும். சுவருக்கு அந்தப் பக்கம் அது வெறுங்காலோடு நடப்பதைப் பார்த்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. ஒருத்தன் இப்படித் தனியாகக் கிடந்து தேய வேண்டுமா என்று கடவுளோடு சண்டையே போட்டேன்.

பெரியம்மாவுக்குக் காய்ச்சல் கண்டது. போனில் சொன்னாள்: “ஒரு தடவை வந்து போடா. கண்ணுதான் இல்ல. உன் மொகத்தைத் தடவியாவது பாக்கறேன்.” “வரேன்மா” என்றது மாடியிலிருந்து வந்த குரல்.

விடிந்ததும் சின்னவன் லீவு போட்டுவிட்டு, தான் தினமும் அறிவிக்கிற வண்டிகளில் ஒன்றில் ஏறிப் போனான். அண்ணன் காலில் விழுந்தானோ, என்ன சொன்னானோ, மறுநாள் பிற்பகல் கூட்டிக்கொண்டு வந்து நிறுத்தினான். பெரியவன் ஆள் பெருத்து, தலை நரைத்திருந்தான். விடாமல் புகைத்த தொண்டை. கட்டிலருகே மண்டியிட்டு, “அம்மா, நான்தாம்மா, பெரியவன்” என்றான்.

பெரியம்மா நீட்டின கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

“யாருப்பா நீங்க? சபையிலேருந்து வந்திருக்கீங்களா? என் பிள்ளை குரல் எனக்குத் தெரியாதா? தினமும் பேசறானே. இன்னும் கொஞ்ச நேரத்துல போன் வரும். இருந்து கேட்டுட்டுப் போங்க.”

பெரியவன் எழுந்து வெளியே வந்து, படிக்கட்டில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதான். நானும் விடவில்லை, நடந்ததையெல்லாம் பட்டவர்த்தனமாகச் சொன்னேன். அவன் தலையைத் தூக்கவே இல்லை. சின்னவன் தோளில் பையோடு வாசலில் நின்றான். எனக்கு ஒரு கெட்ட யோசனை ஓடியது, மறைப்பானேன். இப்படியே விட்டுவிட்டால் என்ன? வந்தவன் அந்நியனாகவே போகட்டும். அந்தக் கொஞ்சல் முழுக்க இவனுக்கே இருக்கட்டும். இவனிடம் வேறு என்னதான் இருக்கிறது?

அவன் என்னைப் பார்த்து, “அக்கா, அம்மா பக்கத்துல இருங்க. பால் வாங்கிட்டு வரேன்” என்றான். அடுப்பின் மேல் பால் இருந்தது.

போன் அடித்தது.

“அம்மா, இப்ப வந்தது நான்தாம்மா. வெளியில நின்னு பேசறேன்.”

“என்னடா சொல்றே? அது யாரோ கரகரன்னு பேசிச்சு.”

“தொண்டை கட்டியிருக்கும்மா. நேர்ல அப்படித்தான் கேக்கும். தாடையில தழும்பு இருக்கும், சைக்கிள்லேருந்து விழுந்தேனே, தடவிப் பாருங்க. இப்ப உள்ள வரேன். இனிமே போன் வராதும்மா. நேர்லயே பேசிக்கலாம்.”

அண்ணன் குரலை அதோடு இறக்கி வைத்துவிட்டான். நான் பெரியவனை இழுத்து உள்ளே தள்ளினேன். பெரியம்மாவின் விரல் தாடையைத் தேடிப் போய்த் தழும்பில் நின்றது. அப்புறம் அவள் அழுத அழுகையும், அவன் தலையை மார்பில் போட்டுக்கொண்டு கொஞ்சிய கொஞ்சலும் என் சுவரைத் தாண்டியிருக்கும். சின்னவன் மாடியிலிருந்து இறங்கி வந்து எல்லாருக்கும் டீ போட்டான். “பாருடா பெரியவனே, இதைத்தான் இவன் டீன்னு தரான்” என்றாள் பெரியம்மா. எல்லாரையும்விட அவன்தான் அதிகமாகச் சிரித்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவன் பாடம் வாசித்தான். கடைசிப் பெஞ்சுக்குப் போனான். பிறகு எழுந்தான். வரிசையின் கடைசி ஆளாக நடந்து போய் முழங்கால் போட்டுக் கையை ஏந்தினான். குசுகுசுத்த வாயெல்லாம் மூடிக்கொண்டன. திரும்பி வரும்போது அவன் முகத்தைப் பார்த்து நான் அழுதேன், என்னால் அடக்க முடியவில்லை.

பெரியவன் ஒரு வாரம் இருந்தான். அம்மாவைத் தூக்கி உட்கார வைத்தான், ரொட்டி ஊட்டினான், முற்றிலும் கெட்டவன் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த அறையில் உட்கார அவனுக்குக் கூச்சமாக இருந்தது, அது தெரிந்தது. வேலை இருக்கிறது என்று கிளம்பினான். “இனிமே நானே தினமும் போன் பண்றேன்” என்று அம்மா கையைப் பிடித்துச் சொன்னான். நானும் நம்பினேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

தெருவிளக்கு எரிந்தது. போன் அடிக்கவில்லை. மறுநாளும் இல்லை. சின்னவன் அண்ணனுக்குப் போன் அடித்து அடித்துப் பார்த்தான், அந்தப் பக்கம் எடுக்கவே இல்லை. பெரியம்மா போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு ஒரு சாயங்காலம் தட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் தள்ளிவிட்டாள். அந்தச் சத்தம் எனக்குத் தெரியும்.

சின்னவன் என் வாசலில் வந்து நின்றான்.

“அக்கா, பால் வாங்கிட்டு வரேன். கொஞ்சம் அம்மா பக்கத்துல இருங்க.”

“வேண்டாம்டா. இப்பத்தானே போய்க் கையேந்திட்டு வந்தே. திரும்பவுமா?”

“ஆமாக்கா.”

“அப்ப ஞாயித்துக்கிழமை?”

“பின் பெஞ்சு காலியாத்தானே இருக்கும்.”

“கடவுள் கோச்சுக்க மாட்டாரா?”

“கோச்சுக்கட்டும். கோச்சுக்கிட்டாலும் என்னை விடமாட்டார்க்கா, அது எனக்குத் தெரியும். அம்மாவுக்கு அப்படி யார் இருக்காங்க?”

அவன் படியேறும் சத்தம் கேட்கவே இல்லை. வெறுங்கால். நான் போய்க் கட்டிலருகே உட்கார்ந்தேன். போன் அடித்தது. பெரியம்மா தட்டுத்தடுமாறி அவளே எடுத்தாள்.

“அம்மா, நான்தாம்மா.”

“அட, தொண்டை சரியாப் போச்சா?”

“சரியாயிடுச்சும்மா. சாப்பிட்டீங்களா?”

“இதோ சாப்பிடறேன்” என்று என் பக்கம் திரும்பி வாயைத் திறந்தாள். நான் ரொட்டியை நனைத்து ஊட்டினேன். மென்றுகொண்டே பேசினாள்.

“நீ வந்திருந்தப்ப சொல்லணும்னு இருந்தேன், மறந்தே போச்சு. உன் கை ஏண்டா அப்படி ஜில்லுனு இருந்துச்சு? என்னைத் தூக்கறப்ப உடம்பே நடுங்கிப்போச்சு. சின்னவன் கை அப்படி இருக்காது. எப்பத் தொட்டாலும் கதகதன்னு இருக்கும். எப்படித்தான் வச்சிருக்கானோ. அடுத்த தடவை வர்றப்ப அவன்கிட்ட கேட்டுக்கோ.”

அந்தப் பக்கம் சத்தமே இல்லை.

“ஹலோ? இருக்கியா?”

“இருக்கேன்மா.”

அது பெரியவன் குரல் இல்லை. பேருந்து நிலையத்தில் தினமும் கேட்கிற குரலும் இல்லை. அப்படி அது உடைந்து நான் கேட்டதே இல்லை. பெரியம்மா கவனிக்கவில்லை. அடுத்த துண்டுக்கு வாயைத் திறந்தாள்.