சுவரில் இருந்த ரெகுலேட்டர்

ஒயர்மேன் யாரையும் நம்பமாட்டார். மெயினை அணைத்துவிட்டேன் என்று வீட்டுக்காரர் சொன்னால் தலையை ஆட்டுவார். பிறகு டெஸ்டரை வைத்துப் பார்ப்பார். டெஸ்டர் எரியாவிட்டால், அதுவே கெட்டுப்போயிருக்கலாம் என்று, கரண்ட் இருப்பது உறுதியாகத் தெரிந்த வேறொரு இடத்தில் வைத்துச் சோதிப்பார். அதற்கும் பிறகு கம்பியைப் புறங்கையால்தான் தொடுவார். உள்ளங்கையால் தொட்டு ஷாக் அடித்தால் விரல்கள் மடங்கிக் கம்பியைப் பிடித்துக்கொள்ளும். புறங்கை என்றால் கை தானாக விலகும். அவரோடு தொழில் தொடங்கியவர்களில் சிலர் அடுத்தவர் பேச்சை நம்பிப் போய்ச் சேர்ந்தார்கள். அவர் சந்தேகப்பட்டே அறுபதைத் தாண்டினார்.

வீட்டிலும் இதே கதைதான். மனைவி இறந்தபின் மகளைத் தனியாக வளர்த்தார். காய்ச்சல் என்று அவள் வந்து நின்றால், "சூடா இருக்குன்னு சொல்லாத, எவ்வளவுன்னு சொல்லு" என்பார். அவள் தெர்மாமீட்டரோடு வளர்ந்தாள். படித்து முடித்து, மருத்துவமனைகளில் உள்ள சோதனைக் கருவிகள் சரியாக அளவு காட்டுகின்றனவா என்று பார்க்கும் வேலைக்குப் போனாள். அப்பாவும் மகளும் சாப்பிடும்போது பேசுவதைக் கேட்டால் குடும்பப் பேச்சு என்று யாருக்கும் தோன்றாது. இரண்டு மீட்டர்கள் ஒன்றையொன்று சரிபார்ப்பது போலிருக்கும்.

வேலை முடிந்த மாலைகளில் அவர் போய் உட்காரும் இடம் சலூன். வரும் கூட்டம் எப்போதும் ஒன்றுதான். சலூன்காரர், பக்கத்துக் கடைத் தையல்காரர், பஸ் டிரைவர், இவர். தையல்காரர் ஊதினால் பறந்துவிடும் உடம்பு என்பதால் அவருக்கு நூல் என்று பெயர். அந்த மலை ஊரில் குளிர் தொடங்கினால் நால்வருக்கும் புலம்ப நிறைய இருக்கும். பஸ்ஸில் பின்பக்க ஜன்னல் மூடாது. பயணிகள், டிரைவர்தான் குளிரைக் கூட்டிக்கொண்டு வந்தார் என்பது போல முறைப்பார்கள். போன வருடக் கோட்டு இந்த வருடம் வயிற்றைச் சுற்றவில்லை என்று கொண்டுவந்து, நாளைக்கே பிரித்துத் தைத்துக் கொடு என்பார்கள் நூலிடம். குளிர் வந்ததும் தலைமுடியும் ஒரு போர்வைதான் என்று ஊருக்கே ஞானோதயம் ஆகிவிடுகிறது என்பது சலூன்காரரின் குறை. ஒயர்மேனின் குறை இன்னும் எளிது. ஒரே பிளக்கில் ஹீட்டர், இஸ்திரிப்பெட்டி, வெந்நீர்க் கெட்டில் மூன்றையும் சொருகி ஃபியூஸைப் புகைய விட்டவர்கள், ஒரே ஒரு பல்புதான் போட்டோம் என்று சத்தியம் செய்வார்கள்.

அந்த சலூனில் ஒரு ஹீட்டர் இருந்தது. மாட்டிக் கொடுத்தவர் ஒயர்மேன்தான். அதனாலேயே போன குளிர்காலத்தில் நட்பு முறிய இருந்தது. நூலுக்கு எப்போதும் குளிரும். டிரைவர் நாள் முழுக்க இன்ஜினுக்குப் பக்கத்திலேயே வேகிறவர். அவருக்கு எப்போதும் புழுங்கும். ஒருவர் சூட்டைக் கூட்டுவார், மற்றவர் எழுந்து குறைப்பார். ஒருநாள் பேச்சு முற்றி, டிரைவர் கதவை அறைந்து சாத்திவிட்டுப் போனார். பிறகு சில நாள் அவர் வரவே இல்லை.

ஒயர்மேன் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏணியோடு வந்தார். ஹீட்டருக்கு உள்ளேயே சூட்டை நடுவாக வைத்து மூடி, திருகுகளை இறுக்கினார். சுவரில் ஒரு சின்னப் பெட்டி அடித்து, அதில் பழைய ஃபேன் ரெகுலேட்டர் ஒன்றைப் பொருத்தினார். இனிமேல் இதில்தான் கூட்ட வேண்டும், குறைக்க வேண்டும் என்று மூவருக்கும் விளக்கினார். ரெகுலேட்டருக்குப் பின்னால் ஒரு ஒயர்கூடக் கிடையாது.

மறுநாளே சமாதானம் வந்தது. நூல் திருகிவிட்டு உட்காருவார். கொஞ்ச நேரத்தில் மப்ளரைத் தளர்த்தி, இப்போதுதான் உயிர் வந்தது என்பார். டிரைவர் எதிர்ப்பக்கம் திருகிவிட்டு, அப்பாடா என்று சட்டைப் பட்டனைக் கழற்றுவார். ஒயர்மேன் செய்தித்தாளை முகத்துக்கு நேரே பிடித்துக்கொள்வார். இந்த ரகசியம் தெரிந்த இன்னொரு ஆள் மகள் மட்டும்தான். கேட்ட அன்று அவள் சாப்பிட முடியாமல் சிரித்தாள்.

இந்தக் குளிர்காலம் வேறு மாதிரி தொடங்கியது. ஒயர்மேனின் உடம்பு இளைத்தது. மாடிப்படியில் மூச்சு வாங்கியது. மகள் மருத்துவமனைக்குக் கூட்டிப்போய் எல்லாச் சோதனையும் எடுக்க வைத்தாள். முடிவு வந்ததா என்று கேட்டபோது, அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"எல்லாம் நார்மல்ப்பா."

நார்மல். அந்தச் சொல் அவருக்குள் முள்ளாகத் தைத்தது. ஒரு பல்பின் வாட்டைக் கேட்டால்கூடத் தசமப்புள்ளி வைத்துச் சொல்கிற பெண் அவள். முதல் தடவையாக அளவு எதுவும் இல்லாமல் ஒரு சொல்லை மட்டும் கொடுக்கிறாள்.

தெரிந்தே ஆக வேண்டிய காரணம் ஒன்றும் இருந்தது. பழைய அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றின் ஒயரிங் முழுவதையும் மாற்றும் வேலையை அப்போதுதான் எடுத்திருந்தார். பாதிச் சுவர்களைத் திறந்தாயிற்று. பாதியில் நின்ற ஒயரிங் எப்படிப்பட்டதென்று அவருக்குத் தெரியும். எதில் கரண்ட் வருகிறது, எது செத்த கம்பி என்பது ஆரம்பித்தவன் தலைக்குள் மட்டும்தான் இருக்கும். அடுத்து வருகிறவன் நம்பித் தொடுவான். முடிக்கும் வரை உடம்பு தாங்குமா, தாங்காதா? தாங்காதென்றால் ஏணியை விட்டு எப்போது இறங்குவது என்பதை அவர்தான் முடிவு செய்ய வேண்டும். வேறு யாரும் அவருக்காக அதை முடிவு செய்யக்கூடாது.

மகளிடம் திரும்பக் கேட்கவில்லை. பழுது எங்கே என்று தெரியாதபோது அவர் ஒவ்வொரு லைனாகத்தான் பார்ப்பார். முதலில் சலூனைப் பார்த்தார்.

அங்கே ஏதோ சரியில்லை. டிரைவர் முப்பது வருடமாக அவரை "யோவ்" என்றுதான் கூப்பிட்டு வந்தார். இப்போது "சொல்லுப்பா" என்றார். ஹீட்டருக்கு அருகில் இருக்கும் நாற்காலிக்கு முன்பு அடிதடி நடக்கும். இப்போது அவர் வரும்போதெல்லாம் அது காலியாகவே இருந்தது. நூல், துணி தளர்ந்துபோச்சு என்று சொல்லி அவருடைய பேன்ட்டை வாங்கிப் பிடித்துத் தைத்துத் தந்தார். இடுப்பைப் பற்றி ஒரு கிண்டல்கூட அடிக்கவில்லை. ஒல்லியென்று ஆயுள் முழுக்கக் கேலிக்கு ஆளான மனிதர், பழிதீர்க்கக் கிடைத்த வாய்ப்பை விட்டுவிட்டார்.

ஒரு மாலை ஒயர்மேன் சோதனை வைத்தார். என்ன இருந்தாலும் எல்.ஈ.டி. பல்பைவிட அந்தக் காலத்துக் குண்டு பல்புதான் கரண்ட்டைக் கம்மியாக இழுக்கும் என்றார். எலக்ட்ரீஷியன் வாயிலிருந்து வரவே கூடாத பேச்சு. போன வருடமாக இருந்தால் நூல் அவர் மானத்தைத் தெருவில் காயப்போட்டிருப்பார்.

"இருக்கும்ணே," என்றார் நூல், ஊசியில் நூலைக் கோத்தபடி.

சலூன்காரர் ஆமாம் என்றார். டிரைவர், "நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்ப்பா" என்றார்.

செத்தவனைப் பற்றித்தான் இப்படிக் குறை சொல்லாமல் பேசுவார்கள்.

இவர்களுக்கு ஏதோ தெரிந்திருக்கிறது. சொன்னது யார்? முதலில் மருந்துக்கடைக்காரர் மேல் சந்தேகம் போனது. பிறகு மருத்துவமனையில் வேலை செய்கிற, சலூன்காரரின் மச்சினன் மேல். இரண்டுக்கும் ஆதாரம் இல்லை. செய்தித்தாளை விரித்து, அதன் விளிம்புக்கு மேலாக மூவரையும் கவனித்தபடி இருந்தார்.

அப்போதுதான் அது கண்ணில் பட்டது. நூல் நடுங்கிக்கொண்டிருந்தார். மப்ளரை இரண்டு சுற்று சுற்றியிருந்தார், கைகளை அக்குளில் வைத்திருந்தார். ரெகுலேட்டர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அவர் அதைத் தொடவில்லை. டிரைவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். அவரும் தொடவில்லை. யோசித்துப் பார்த்தால், இரண்டு மூன்று வாரமாகவே யாரும் தொடவில்லை. அதன் விளிம்பில் தூசி படிந்திருந்தது.

ஒயர்மேன் செய்தித்தாளை மடித்து வைத்தார். பையிலிருந்து ஸ்க்ரூடிரைவரை எடுத்து, எழுந்து போய், பெட்டியின் மூடியைக் கழற்றினார். ரெகுலேட்டரை வெளியே இழுத்து, அதன் பின்பக்கத்தையும் வெறும் பெட்டியையும் மூவருக்கும் காட்டினார். பிறகு அவர்கள் முகங்களைப் பார்த்தார்.

யார் முகத்திலும் ஆச்சரியம் இல்லை.

"அப்ப எம் பொண்ணு இங்க வந்திருக்கா," என்றார்.

சலூன்காரரின் கத்தரி நின்றது. நாற்காலியில் ஆள் யாரும் இல்லை. வெறுமனே துடைத்துக்கொண்டிருந்த கத்தரிதான். டிரைவர் எழுந்து வந்து, ரெகுலேட்டரை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். மகள் வந்த கதையை அவர்தான் சொன்னார். ஒரு மத்தியானம் வந்தாளாம். அப்பா ஏணியில் ஏறுவதை எப்படியாவது தடுங்கள் என்று சொல்ல வந்தவள், சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டாளாம். என்ன செய்வதென்று தெரியாமல் நூல், பாப்பாவுக்குக் குளிருதோ என்னவோ என்று ரெகுலேட்டரைத் திருகினாராம். அந்த அழுகையிலும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டதாம். அது சும்மா மாமா, அதுல ஒயரே இல்ல என்று சொன்னாளாம். சொல்லிவிட்டு முன்னைவிட அதிகமாக அழுதாளாம்.

"எவ்வளவு மோசம்?" என்று கேட்டார் ஒயர்மேன்.

"அத நாங்க சொல்றது சரியில்ல. வீட்டுக்குப் போய் பாப்பாகிட்டயே கேளு."

"நீங்க மூணு பேரும் எனக்கு ரெகுலேட்டர் மாட்டியிருக்கீங்க."

"நீ எங்களுக்கு மாட்டலையா?" என்றார் டிரைவர். பிறகு தலை குனிந்துகொண்டார்.

வீட்டில் மகள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். ஒயர்மேன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"நம்பர் சொல்லும்மா," என்றார்.

அவள் குழாயை மூடவில்லை. தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. திரும்பாமல், ஒவ்வொன்றாக, மீட்டரைப் பார்த்துப் படிப்பது போலச் சொன்னாள். இரத்தத்தில் என்ன அளவு, படத்தில் தெரிந்த கட்டி எவ்வளவு பெரிது, எங்கெல்லாம் பரவியிருக்கிறது, டாக்டர்கள் கணக்குப்படி எவ்வளவு காலம். முடிந்ததும் அவர் வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

"மெஷின் சரியாத்தான் இருந்துச்சா? செக் பண்ணது யாரு?"

"நான்தான்ப்பா," என்றாள். "ரெண்டு தடவ பண்ணேன். தப்பாத்தான் இருக்கணும்னு நெனச்சு ரெண்டாவது தடவ பண்ணேன்."

அவர் எழுந்துபோய்க் குழாயை மூடினார். அவள் ஈரக் கைகளை அவர் சட்டையிலேயே துடைத்துக்கொண்டாள்.

அதன் பிறகு அவர் கட்டடத்துக்குப் போனது ஏணியில் ஏறுவதற்காக இல்லை. வேறொரு எலக்ட்ரீஷியனை அழைத்துவந்து, கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்து, எந்தச் சுவருக்குள் எது ஓடுகிறது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். ஒவ்வொரு கம்பியின் முனையிலும் நிற டேப் சுற்ற வைத்தார். நான் சொல்கிறேன் என்பதற்காக எதையும் நம்பித் தொடாதே என்று அந்த ஆளிடம் போதும் போதுமென்ற அளவுக்குச் சொன்னார்.

சலூனில் ஒரு வேலை பாக்கி இருந்தது. ஹீட்டருக்கு ஏற்ற தெர்மோஸ்டாட் ஒன்றை வாங்கி, ரெகுலேட்டர் இருந்த அதே பெட்டியில் பொருத்தச் சொன்னார். ஸ்டூலில் ஏறி ஒயர் இழுத்தது டிரைவர். கீழிருந்து வழி சொன்னது இவர். மெயினை அணைத்துவிட்டேன் என்றார் சலூன்காரர். டிரைவர் நம்பிக் கை நீட்டியபோது, ஒயர்மேன் அவர் காலைப் பிடித்து இழுத்தார். டெஸ்டர் வைத்த பிறகுதான் விட்டார்.

"இப்ப இது நெசம்," என்றார் முடிந்ததும். "திருகினா மாறும்."

நூல் எழுந்து, கடைசி வரை கூட்டினார். ஹீட்டர் சிவந்தது. அறை அடுப்பங்கரையாக மாறியது. டிரைவரின் நெற்றியில் வியர்வை முத்து முத்தாக வந்தது. ஒயர்மேனையும், அவர் தோளில் கிடந்த கம்பளியையும் பார்த்துவிட்டு அவர் வாயைத் திறக்கவே இல்லை. ஒயர்மேன் காத்திருந்தார். நம்பிக்கை இல்லாமல்தான் காத்திருந்தார்.

வியர்வை டிரைவரின் கண்ணுக்குள் இறங்கியது. அவர் விருட்டென்று எழுந்தார்.

"யோவ், ஆள வேக வச்சுத் திங்கப் போறீங்களா?" என்று கத்திக்கொண்டே பாதிக்கும் கீழே குறைத்தார்.

"நீ இன்ஜின்மேலயே உக்காந்து பழகினவன், உனக்கு என்னய்யா தெரியும் குளிரு?" என்று நூல் பாய்ந்தார். "அண்ணே, நீங்க சொல்லுங்க."

"அவன கேக்காத," என்றார் டிரைவர். "குண்டு பல்புதான் கரண்ட்டக் கம்மியா இழுக்கும்னு சொன்ன ஆளு."

சலூன்காரர் சிரித்துவிட்டார். நூல் மறுபடி கூட்டினார். டிரைவர் மறுபடி குறைத்தார். ஒயர்மேன் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். இதுவும் தனக்காக நடத்தும் சண்டையோ என்று ஒரு சந்தேகம் மிச்சம் இருந்தது. கம்பளியை விலக்கி, மெதுவாக எழுந்து ஹீட்டரிடம் போனார். அதன் இரும்பு விளிம்பில் புறங்கையை வைத்தார். எடுக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார்.

சூடு இறங்கிக்கொண்டிருந்தது. நிஜமாகவே இறங்கிக்கொண்டிருந்தது.

அவருக்குக் குளிரெடுத்தது. அதைச் சொல்லவில்லை. திரும்பி வந்து உட்கார்ந்து, கம்பளியைக் கழுத்துவரை இழுத்துவிட்டுக்கொண்டு, சண்டையைக் கேட்டுக்கொண்டிருந்தார்.