சாந்தாராம் வீட்டுக்குப் போன டயல்

டெஸ்ட் தோற்று, திரை சிவப்பானது. அது தினமும் நடப்பதுதான். ஆனால் திரையில் 'எதிர்பாராத அழைப்பு: மோடம், டயல்' என்று வந்து, பக்கத்தில் ஒரு போன் நம்பரும் வந்தது. அது திருநகரில் சாந்தாராம் வீட்டு நம்பர். அவர் செத்து ஒரு வருஷம் ஆகியிருந்தது.

பசுமலையில் எங்களுடையது சின்னக் கம்பெனி. அவனியாபுரம் பக்கம் ஒரு சாயப்பட்டறையின் பாய்லரைக் கண்காணிக்கும் புரோகிராமை எழுதியவர் சாந்தாராம். ஒரு டெஸ்ட்கூட எழுதவில்லை. யாரிடமும் எதையும் சொல்லவும் இல்லை. அதில் கை வைப்பதற்கு முன் ஒவ்வொரு துண்டையும் தனித்தனியாகச் சோதிக்கும் யூனிட் டெஸ்ட் எழுதும் வேலை என் தலையில் விழுந்தது.

அதற்கு நிஜ பாய்லர் வேண்டாம். நிஜக் கருவி போல நடிக்கும் டூப்பை மாக் ஃப்ரேம்வொர்க்கில் செய்துகொள்ளலாம். நீர்மட்ட சென்சாருக்கு ஒரு டூப்பு வைத்து, எப்போது கேட்டாலும் ஐம்பது என்றே சொல்லச் சொன்னேன். போன் லைன் வழியாக ஓனருக்கு ரிப்போர்ட் அனுப்பும் மோடத்துக்கு இன்னொன்று. நான் சொல்லாத எதையாவது புரோகிராம் செய்தால் அது காட்டிக்கொடுக்கும். கொடுத்தது.

மேனேஜர் முரளி எட்டிப் பார்த்தார். "அந்த டயலையும் எதிர்பார்க்கிறதா ஒரு வரி சேத்துவிடு. பச்சை வந்துரும்."

"செத்தவரு வீட்டுக்கு எதுக்கு சார் போன் போகணும்?"

"போனா போகட்டும். பில்லு நீயா கட்டுற?"

அவரோடு பேசிப் பயனில்லை. அந்த நம்பருக்கு நானே போன் செய்தேன். சாந்தாராமின் மனைவி சரோஜா அக்கா எடுத்தார்.

"நீயா? நான் அவருன்னு நெனச்சேன்."

"எவருக்கா?"

"அவருதான். எப்பவாச்சும் கூப்பிடுவாரு. பேச மாட்டாரு. பீப்... பீப்னு விட்டு விட்டு ஒரு சத்தம் மட்டும் வரும். இன்னிக்குக் காலையில இருந்து ஓயாமக் கூப்பிடுறாரு. பயமா இருக்கு, எடுத்து எடுத்து வச்சுட்டேன்."

என் மோடம் டூப்பு. அது யாரையும் கூப்பிட முடியாது. அப்படியானால் கூப்பிடுவது பட்டறையில் இருக்கும் நிஜ மோடம்.

புரோகிராமை மறுபடி படித்தேன். கொதிக்கும் பாய்லரில் நீர்மட்டம் ஆடிக்கொண்டேதான் இருக்கும். பத்து முறை ஒரே அளவு வந்தால் சென்சாரின் மிதவை சிக்கிவிட்டது என்று அர்த்தம். உடனே என் வீட்டுக்கு டயல் செய், இதுதான் சாந்தாராம் எழுதியிருந்தது. என் டூப்பு மாறாமல் ஐம்பது சொன்னதால் அந்த டயல் வெளியே வந்தது. நிஜ மோடமும் கூப்பிடுகிறது என்றால், பட்டறையில் நிஜ மிதவையும் சிக்கியிருக்கிறது.

பட்டறைக்குப் போன் போட்டேன். பாய்லர்மேன் மாயாண்டி எடுத்தார்.

"தண்ணி எம்புட்டுண்ணே இருக்கு?"

"ஐம்பது தாயி. காலையில இருந்து ஆடல அசையல."

"தண்ணி மட்டம் கண்ணுல தெரியுற கேஜ் கிளாஸப் பாத்தீங்களா?"

"அது மங்கிப்போயி மாசமாச்சு. அதான் உங்க கம்ப்யூட்டர் இருக்குல்ல?"

"நெருப்ப நிறுத்துங்கண்ணே. காஞ்ச பாய்லர்ல தண்ணி விட்றாதீங்க, வெடிச்சுரும். எல்லாரையும் கூட்டிக்கிட்டு வெளிய போங்க."

"ஓனரு வைவாருத்தா."

"ஆளு மிஞ்சினாத்தானண்ணே வைய முடியும்!"

நிறுத்திவிட்டார். ஆறிய பிறகு திறந்து பார்த்தார்கள். உப்புப் படிந்து மிதவை நடுவிலேயே ஒட்டிக்கிடந்தது. கீழே தண்ணீர் சொட்டுக்கூட இல்லை.

அந்த டயலைப் பட்டறையின் அபாயச் சங்குக்கு மாற்றினேன். பிறகு சரோஜா அக்காவிடம் உண்மையைச் சொன்னேன். சொல்லியிருக்க வேண்டாம் என்றார் முரளி. அவருக்கு எல்லாமே பச்சையாக இருக்க வேண்டும். அக்கா கேட்டார்: "அப்ப நான் போனை வச்ச ஒவ்வொரு தடவையும் பட்டறை ஆளுங்க அந்தப் பாய்லர் பக்கத்துலதான் நின்னுக்கிட்டு இருந்தாங்களா?"

ஆமாம் என்றேன்.

இப்போது வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். மாக் டூப்பு எதிர்பார்க்காத அழைப்பு வந்தால், உடனே அதை எதிர்பார்க்கப் பழக்கிவிடாதீர்கள். அது யாருக்குப் போகிறது, எதற்குப் போகிறது என்று கேளுங்கள். கேட்கச் சோம்பலாக இருந்தால் வேறு தொழில் பாருங்கள். இந்த வேலையில் மறுமுனையில் ஆள் நிற்கிறான்.